பேனா டேப்லட் வாங்கும் முன்: உங்கள் கை எவ்வளவு தூரம் நகரும்?

மவுஸைப் பிடித்துக்கொண்டு 'இ' என்ற எழுத்தை எழுதிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் பழகிய எழுத்துதான். ஆனால் சுழி கோணிக்கொள்ளும், வளைவு உடையும், கோடு முழுக்க ஒரே தடிமனில் இருக்கும். பத்து முறை எழுதினாலும் உங்கள் கையெழுத்தாக வராது. உங்கள் கையில் குறை எதுவும் இல்லை. மவுஸ் கணினிக்குச் சொல்வது இரண்டே சேதிகள்தான்: எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது, பொத்தான் அழுந்தியிருக்கிறதா இல்லையா. எவ்வளவு அழுத்தினோம் என்பதைச் சொல்ல அதற்கு வழியே கிடையாது.

பேனா டேப்லட் அதைச் சொல்லும். பார்க்கச் சிலேட்டுப் பலகை போலத்தான் இருக்கும். யூ.எஸ்.பி. கேபிளில் கணினியோடு இணைத்துவிட்டு, கூடவே வரும் பேனாவை அதன்மேல் ஓட்டினால் திரையில் கோடு விழும். அழுத்தினால் தடிக்கும், இலேசாக விட்டால் மெலியும். கடையில் வெறுமனே 'டேப்லட்' என்று கேட்டால் ஆண்ட்ராய்டு டேப்லட்டை எடுத்து வைப்பார்கள். 'கிராஃபிக்ஸ் டேப்லட்' அல்லது 'பென் டேப்லட்' என்று கேளுங்கள். முனையில் ரப்பர் குமிழ் வைத்து, எந்த மொபைலிலும் வேலை செய்யும் என்று விற்கும் மலிவான ஸ்டைலஸ் வேறு ரகம். அது விரலுக்குப் பதில் நிற்பது மட்டுமே. அழுத்தம் அதற்குத் தெரியாது.

பேனாவுக்குள் பேட்டரி இல்லாமல் இது எப்படி நடக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். பலகைக்கு அடியில் மெல்லிய கம்பிச்சுருள்கள் வலை போல ஓடுகின்றன. அவை மின்காந்த அலையை மேலே அனுப்பும். பேனாவுக்குள் ஒரு சிறு சுருளும் மின்தேக்கியும் உண்டு. அவை அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு அதிர்ந்து, பதில் சைகை அனுப்பும். எந்த இடத்துச் சுருளில் பதில் வலுவாகக் கிடைக்கிறதோ அங்கேதான் பேனா இருக்கிறது. நிப்பை அழுத்தும்போது அந்த அதிர்வு சற்றே மாறும். எவ்வளவு மாறுகிறது என்பதைப் பார்த்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். பேனாவைப் பலகையில் படாமல் சற்று மேலே பிடித்தாலும் திரையில் அம்புக்குறி நகர்வது இதனால்தான். 1983-இல் ஜப்பானில் தொடங்கிய வாகாம் நிறுவனம் இந்த முறையைப் பரப்பியது. இன்று ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களும் பேட்டரி இல்லாத பேனாவையே தருகின்றன. பழைய டேப்லட்டை யாரிடமாவது வாங்கினால் மட்டும் பேனாவுக்குச் சார்ஜ் போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சின்ன பேட்டரி செத்துப்போனால் பேனாவே போனதுபோலத்தான். ஒரு டேப்லட்டின் பேனா இன்னொன்றில் பெரும்பாலும் வேலை செய்யாது.

எதற்காக வாங்குகிறீர்கள்?

நான் பகலில் கல்யாண ஆல்பங்களுக்கு ரீடச் செய்கிறேன், அதாவது புகைப்படத்தில் உள்ள குறைகளைத் திருத்துகிறேன்; இரவில் படம் வரைகிறேன். கருவி ஒன்றுதான். ஆனால் இரண்டு வேலையிலும் கை நகர்வது வேறு வேறு மாதிரி. டேப்லட்டைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முகூர்த்த நேரத்துப் புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மணப்பெண்ணின் நெற்றியில் வியர்வை மினுங்குகிறது, மூக்குத்தியின் நிழல் கன்னத்தில் கறுப்பாக விழுந்திருக்கிறது, வீடியோக்காரரின் விளக்கு ஒரு பக்கத்தை வெளுக்க வைத்திருக்கிறது. இதைச் சரிசெய்ய, நிழலை இலேசாகத் தூக்கியும் வெளிச்சத்தை இலேசாக இறக்கியும் தடவித் தடவிக் கொண்டுவருவோம். டாட்ஜ், பர்ன் என்று ஃபோட்டோஷாப் பழகியவர்கள் சொல்வது இதைத்தான். மவுஸில் செய்தால் ஒவ்வொரு தடவலும் ஒரே அடர்த்தியில் விழுந்து தோலில் திட்டுத்திட்டாகத் தெரியும். அதைத் தவிர்க்க பிரஷின் அடர்த்தியை நூறு தடவை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். பேனாவில் அந்த வேலையை விரல் அழுத்தமே பார்த்துக்கொள்ளும். கூந்தலில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து, வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் போடும்போதும் அப்படித்தான்: பூவின் விளிம்பில் அழுத்தி, பிசிறு முடியில் விட்டுவிட்டுப் போகலாம்.

இந்த வேலையில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு ஒரு கன்னத்தையோ ஒரு கண்ணையோ மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்போம். விரல்களும் மணிக்கட்டும் நகரும் அளவுக்கு இடம் இருந்தால் போதும். புகைப்பட வேலைக்கு மட்டும் என்றால் சிறிய டேப்லட்டே நிறைவானது. அதற்கு மேல் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இன்னொன்றும் சொல்லவேண்டும். நீங்கள் செய்வது வெளிச்சம், நிறம், வெட்டு ஆகியவற்றை ஸ்லைடரில் நகர்த்திச் சரிசெய்வது மட்டும் என்றால் டேப்லட்டே தேவையில்லை. ஸ்லைடரை இழுக்க மவுஸ் நன்றாகவே போதும்.

வரைவது அப்படியல்ல. மயிலின் தோகையை ஒரே இழுப்பில் கொண்டுவரவேண்டும், புடவையின் கொசுவம் இடுப்பிலிருந்து பாதம் வரை ஓடவேண்டும் என்றால் அந்தக் கோடு முழங்கையிலிருந்து வரும். மணிக்கட்டை மட்டும் திருப்பி நீண்ட கோடு போட்டால் அது வில்லாக வளைந்துவிடும். சுவரில் விளம்பரம் எழுதுபவர்களைப் பாருங்கள். நீண்ட கோடு இழுக்கும்போது மொத்தக் கையும் போகும். டேப்லட் சின்னதாக இருந்தால் கோடு பாதியில் இருக்கும்போதே கை விளிம்பில் இடித்து நின்றுவிடும்.

அளவுக் கணக்கு

பெட்டியில் எழுதியிருப்பது டேப்லட்டின் மொத்த அளவா, வரையும் பரப்பின் அளவா என்று முதலில் பாருங்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது. வாகாம் இன்டுவோஸ் சிறிய ரகத்தின் வரையும் பரப்பு 152 × 95 மி.மீ.; நடுத்தர ரகத்தில் 216 × 135 மி.மீ. ஹுயான் எச்640பி ஏறக்குறைய 160 × 99 மி.மீ., அதாவது சிறிய வகை. எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2-வில் 10 × 6.25 அங்குலம், நடுத்தரத்தைவிடச் சற்றுப் பெரிது.

இந்த அளவுகளை உங்கள் திரையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் வரும். டேப்லட்டின் இடது மேல்மூலை திரையின் இடது மேல்மூலை, வலது கீழ்மூலை திரையின் வலது கீழ்மூலை. மவுஸைப் போலத் தூக்கித் தூக்கி வைத்து நகர்த்த முடியாது. ஆகவே சின்னப் பலகையும் பெரிய திரையும் சேர்ந்தால் கை நகர்வதைவிட கோடு பல மடங்கு நீளும். 15.6 அங்குல லேப்டாப் திரையின் அகலம் ஏறக்குறைய 34.5 செ.மீ. சிறிய டேப்லட்டில் கை 1 செ.மீ. நகர்ந்தால் திரையில் கோடு 2.3 செ.மீ. ஓடும், நடுத்தரத்தில் 1.6 செ.மீ. அதே சிறிய டேப்லட்டை 27 அங்குல மானிட்டரில் இணைத்தால் 1 செ.மீ. கை அசைவுக்குக் கோடு கிட்டத்தட்ட 4 செ.மீ. பாயும். கையின் நடுக்கமும் அதே அளவு பெரிதாகித் தெரியும். புதிதாக வாங்கியவர்கள் "என் கோடு ஆடுகிறது, எனக்கு வரையவே வராது போல" என்று மனம் உடைவதற்குப் பல நேரம் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

அதற்காக இருப்பதிலேயே பெரியதை வாங்கவும் வேண்டாம். லேப்டாப் திரை அகலத்துக்கே டேப்லட் வாங்கினால், ஒவ்வொரு முறை மெனுவைத் தொடவும் கை மேசையின் குறுக்கே பயணம் போகவேண்டும். இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டை சொல்லிவிடும். லேப்டாப்போ 24 அங்குலம் வரையான மானிட்டரோ வைத்து வரைபவருக்கு என் யோசனை நடுத்தர அளவு. மேசை சின்னது, பையில் தூக்கிக்கொண்டு போகவேண்டும், பெரும்பாலும் புகைப்படம்தான் என்றால் சிறியது.

அளவோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மேலே சொன்ன இன்டுவோஸ் டேப்லட்டுகள் 16:10 விகிதத்தில் இருக்கின்றன; பெரும்பாலான திரைகள் 16:9. முழுப் பரப்பையும் முழுத் திரைக்குப் பொருத்திவிட்டால் நீங்கள் கையால் போடும் வட்டம் திரையில் பக்கவாட்டில் ஏறக்குறைய 11 சதவீதம் நீண்ட முட்டையாகிவிடும். டிரைவர் (டேப்லட்டைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) அமைப்பில் விகிதத்தைக் காக்கச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். டேப்லட்டின் கீழ்ப்பக்கம் 1 செ.மீ. போல வீணாகும், பரவாயில்லை. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் டேப்லட்டை ஒரு மானிட்டருக்கு மட்டும் ஒதுக்கவேண்டும். இல்லையென்றால் ஒரு பலகை இரண்டு திரைக்கும் பங்காகி, எல்லாம் தாறுமாறாக இழுபடும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில்

2048, 4096, 8192, இப்போது 16384. அழுத்த நிலைகள் என்று பெட்டியில் பளிச்சென்று அச்சிடும் எண்கள் இவை. இந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். சாதாரண 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை இருக்கும் படிகளே 256தான். அழுத்தத்தால் அடர்த்தியை மாற்றினால் கடைசியில் திரையில் வந்து நிற்பது அந்த 256 படிகளில் ஏதோ ஒன்று. 40 பிக்சல் அகல பிரஷின் தடிமனை அழுத்தத்தால் மாற்றினால் அங்கே கிடைப்பது ஏறக்குறைய 40 அளவுகள். 2048 நிலைகள் உள்ள டேப்லட்டிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. வாகாமின் மலிவான ரகமான ஒன் பை வாகாமில் 2048தான். அதில் வரைந்த படத்தையும் 8192-இல் வரைந்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது.

பேனா இருக்கும் இடத்தைப் பலகை எவ்வளவு நுணுக்கமாக அறியும் என்பதற்கு அங்குலத்துக்கு 2540 கோடு, 5080 கோடு என்று போடுவதும் இப்படித்தான். 2540 என்றால் மில்லிமீட்டருக்கு 100. சிறிய டேப்லட்டின் 152 மி.மீ. அகலத்தில் 15,200 புள்ளிகள். முழு எச்.டி. திரையின் அகலம் 1920 பிக்சல். ஒரு பிக்சலுக்குக் கிட்டத்தட்ட 8 புள்ளிகள் ஏற்கெனவே இருக்கும்போது அதை 16 ஆக்கி என்ன கிடைக்கப்போகிறது? 1964-இல் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆரம்ப கால டேப்லட்டில் அங்குலத்துக்கு 100 கோடுகள்தான் இருந்தன. இந்தப் பிரச்சினை தீர்ந்து வெகுகாலம் ஆகிறது.

அழுத்தத்தில் கவனிக்கவேண்டியது வேறொன்று: கோடு விழ ஆரம்பிக்க எவ்வளவு அழுத்தவேண்டும்? நல்ல பேனா பலகையைத் தொட்டு, பேனாவின் எடை மட்டும் இறங்கும்போதே மெல்லிய கோட்டைத் தொடங்கிவிடும். மோசமான பேனா கொஞ்சம் குத்தினால்தான் விழித்துக்கொள்ளும். புருவத்து முடி, கண்ணிமை, பென்சில் போன்ற நிழல் எல்லாம் இந்த முதல் தொடுதலில்தான் இருக்கின்றன. நான் முதலில் வாங்கிய டேப்லட் இரண்டாவது வகை. ஒரு வருடம் அழுத்தி அழுத்தி எழுதிப் பழகி, அந்தப் பழக்கத்தை விடுவதற்கு இன்னொரு வருடம் ஆயிற்று. எண்ணைவிட, அந்த மாடலை வைத்து வரைபவர்கள் மெல்லிய கோடு போட்டுக் காட்டும் வீடியோவைப் பார்ப்பது மேல்.

பேனாவின் சாய்வை உணரும் வசதி சில டேப்லட்டுகளில் 60 டிகிரி வரை உண்டு. பென்சிலைப் படுக்கவைத்து நிழல் தேய்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். புகைப்பட வேலைக்குத் தேவைப்படாது. ஓரத்தில் இருக்கும் ஷார்ட்கட் பொத்தான்கள் வசதிதான். இல்லாவிட்டால் இடது கை கீபோர்டில் இருக்கும், அவ்வளவே. இடது கைக்காரர்கள் பெரும்பாலான டேப்லட்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அமைப்பில் ஒரு தேர்வை மாற்றினால் போதும்.

திரையோடு வருபவை

திரையிலேயே வரையும் டேப்லட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் ஆசை வரும். நியாயமான ஆசைதான், பேனா முனை இருக்கும் இடத்திலேயே கோடு விழுகிறது, கண்ணும் கையும் பிரியவேண்டியதில்லை. நுணுக்கமான கோட்டோவியம் செய்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் விலை பல மடங்கு, கேபிள்கள் அதிகம், குனிந்தே உட்கார்ந்திருக்கவேண்டும், வரையும் கையே படத்தின் பாதியை மறைக்கும். கண்ணாடிக்கும் அடியில் உள்ள திரைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் முனைக்கும் கோட்டுக்கும் தூரம் தெரியும். இரண்டையும் ஒட்டி லேமினேட் செய்த திரையா என்று கேட்டு வாங்கவேண்டும். புகைப்பட வேலை செய்பவரிடம் அந்தப் பணம் இருந்தால், திரையில்லாத டேப்லட்டும் நிறம் சரியாகக் காட்டும் ஒரு நல்ல மானிட்டரும் வாங்கச் சொல்வேன். பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு ஆல்பத்தில் வேறாக அச்சாகி வந்தால் பேனா எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

ஐபேடோ சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசையோ வைத்திருந்தால் தனி டேப்லட் வாங்காமலே வரைய ஆரம்பிக்கலாம். சாம்சங்கின் எஸ் பென் வாகாம் தொழில்நுட்பத்தில் இயங்குவதால் வரைவதற்குச் சார்ஜ் தேவையில்லை. ஐபேட் வாங்குபவர்கள் ஒரு இடத்தில் ஏமாறக்கூடாது: 2023-இல் வந்த யூ.எஸ்.பி.-சி ஆப்பிள் பென்சிலில் அழுத்தம் உணரும் வசதி கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கி, கோடு தடிக்கவில்லையே என்று திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வரைய வேண்டுமென்றால் உங்கள் ஐபேடுக்குப் பொருந்தும் வேறு ஆப்பிள் பென்சிலைத்தான் வாங்கவேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

முதலில் டிரைவர். பெட்டியில் சொன்ன நிறுவனத் தளத்திலிருந்து புதியதை இறக்கி நிறுவுங்கள். ஏற்கெனவே வேறு கம்பெனி டேப்லட் வைத்திருந்தால் அதன் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டுத்தான் இதை நிறுவவேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும். விண்டோஸில் பேனாவை வைத்தவுடன் ஒரு வளையம் சுழன்று கோடு தாமதமாகத் தொடங்கினால், அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்ற அமைப்பை அணைக்கவேண்டும். கோடு வருகிறது, அழுத்தம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் டிரைவர் அமைப்பில் விண்டோஸ் இங்க் என்ற தேர்வை மாற்றிப் பாருங்கள். மேக்கில் டிரைவருக்கு பிரைவசி பகுதியில் அனுமதி கொடுக்காதவரை பேனா அசையாது. பழுது என்று திருப்பி அனுப்பப்படும் டேப்லட்டுகளில் இந்த மாதிரியானவையும் இருக்கும்.

மென்பொருளுக்குப் பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். வரைவதற்குக் கிரிட்டா இலவசம், முழுமையானது. கிரிட்டா என்றால் ஸ்வீடன் மொழியில் சாக்பீஸ், வண்ணக்கட்டி என்று பொருள். அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரியே நடந்துகொள்ளும். புகைப்படத்துக்கு ஜிம்ப் இருக்கிறது. இரண்டுமே பேனா அழுத்தத்தைப் புரிந்துகொள்ளும்.

டேப்லட்டைத் திரைக்கு நேர் எதிரே, திரையின் நடுவும் பலகையின் நடுவும் ஒரே கோட்டில் இருக்கும்படி வையுங்கள். கீபோர்டு இடது பக்கம் போகட்டும். முதல் சில நாட்கள் கண் திரையில், கை மேசையில் என்று இருப்பது தலை சுற்றவைக்கும். இரண்டு வாரம் மவுஸை டிராயரில் போட்டுவிட்டு, மெயில் பார்ப்பது உட்பட எல்லாவற்றையும் பேனாவிலேயே செய்யுங்கள். பயிற்சிக்கு நான் சொல்வது கோலம். ஐந்துக்கு ஐந்து புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சிக்குக் கோலத்தின் கம்பியை ஓட்டுங்கள். புள்ளியைச் சரியான இடத்தில் வைப்பது கைக்கும் கண்ணுக்கும் பொருத்தம் உண்டாக்கும். கம்பி உடையாமல் வளைவது அழுத்தத்தைச் சீராக்கும். பாட்டியும் அம்மாவும் வாசலில் செய்த அதே பயிற்சிதான்.

நிப் தேயும். சொரசொரப்பான பலகையில் வேகமாகத் தேயும். ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து விளிம்பு கூர்மையானால் பலகையைக் கீறத் தொடங்கும், அப்போதே மாற்றிவிடவேண்டும். பெட்டியில் கூடுதல் நிப்புகளும் அதைப் பிடுங்கும் சின்ன வளையமும் இருக்கும். பேனா வைக்கும் தாங்கியின் அடியிலும் ஒளித்து வைத்திருப்பார்கள்.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பலகையின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, அதை ஒட்டி மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். பிரஷ் அமைப்பில் கோட்டைச் சீராக்கும் வசதி எதுவும் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். ஸ்கேல் நேராக இருக்கிறது, ஆகவே கோடும் நேராக வரவேண்டும். படிக்கட்டு போலவோ அலை போலவோ நெளிந்தால் அது பலகையின் குறை. நான்கு மூலைகளிலும் இதையே செய்யுங்கள். நடுவில் சரியாக இருந்து ஓரத்தில் மட்டும் நெளியும் டேப்லட்டுகள் உண்டு. பிறகு ஸ்கேலை எடுத்துவிட்டு, பேனாவை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் எடையிலேயே இழுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கோடு விட்டுவிட்டு விழுந்தால் அழுத்த அமைப்பை மென்மையாக்கிப் பாருங்கள். அப்படியும் விட்டுவிட்டு வந்தால், கேபிள், நிப்பு, வளையம் எதுவும் குறையாமல் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு மாடல் கேளுங்கள்.